மைன் என்ற சொல்

இங்கிலீஷ் பாஷையில் எனக்கு இருக்கிற ஞானம் கல்லூரி வாசலோடு நின்றுபோன ஞானம். மேலே படிக்க வீட்டில் வசதி இல்லை. வசதி வந்தபோது எனக்கு மனமில்லை. ஆனாலும் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அகராதி இல்லாமல் முடியுமா? என் மேஜைமேல் தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று எப்போதும் கிடக்கும். அதில் உள்ள பெரிய வார்த்தைகள் என்னை ஒரு நாளும் கஷ்டப்படுத்தியதில்லை. பெரிய வார்த்தைக்கு அநேகமாக ஒரே அர்த்தந்தான் இருக்கும். பார்த்தோம், எழுதினோம், தீர்ந்தது. தொல்லை கொடுப்பவை சின்ன வார்த்தைகள். மூன்றெழுத்து, நாலெழுத்தில் முடிந்துபோகும் இந்தப் பொடிசுகளுக்கு அகராதியில் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறார்கள். பெரிய மனிதர்களைவிடச் சாமான்யர்களின் வாழ்க்கையில்தான் கதை அதிகம் என்பது நாவலாசிரியனுக்குத் தெரியும். வார்த்தைகளின் விஷயமும் அப்படித்தான் போலிருக்கிறது.

அப்படி ஒரு நாலெழுத்துச் சாமான்யன் என்னை வளையமாதேவியில் வைத்துப் பிடித்துக்கொண்டது.

வளையமாதேவி கடலூர் ஜில்லாவில், சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல்வளையமாதேவி, கீழ்வளையமாதேவி என்று இரண்டாகச் சொல்லுவார்கள். மாதேவி என்றால் பட்டத்தரசி. செம்பியன் மாதேவி, சேரன்மாதேவி என்ற ஊர்களைப்போல இதுவும் பெயரிலேயே ஓர் அரசியை உட்காரவைத்திருக்கிற ஊர். பச்சை வயல், வாய்க்கால், வேப்பமரம், அதற்கப்பால் தொடுவானத்தில் மண் மலை. அந்த மலையை ஆண்டவன் படைக்கவில்லை; நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் குவித்த மண் அது. எழுத நினைத்திருந்த ஒரு கதைக்காக அந்தப் பக்கத்து மண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். வெயில் தாழட்டும் என்று ஒரு பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னார். அவருடைய பேத்தி, ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண், திண்ணையின் மறுகோடியில் நோட்டுப் புத்தகத்தோடு குப்புறப் படுத்திருந்தாள்.

"சாருக்கு இங்கிலீஷ் தெரியுமாம், கேளு" என்றார் பெரியவர்.

அவள் நோட்டை என் பக்கம் தள்ளினாள். தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லிப் பத்து வாக்கியங்கள். ஒன்பதுக்கு 'சரி' போட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மசியில் பெருக்கல் குறி. 'திஸ் ஃபீல்ட் இஸ் மைன்' என்பது கேள்வி. அவள் எழுதியிருந்த விடை: 'இந்த வயல் சுரங்கம்.'

"தப்பா சார்?" என்றாள். "மைன்னா சுரங்கந்தானே? எங்க மாமா மைன் ரெண்டுலதான் வேலை பாக்குறாங்க."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. இலக்கணப்படி பிழைதான், உபாத்தியாயர் போட்ட பெருக்கல் குறியில் குற்றமில்லை. ஆனால் எதிரே தெரிகிற மண் மலையைப் பார்த்துக்கொண்டு அந்த விடையைத் தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "ஊருக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். ஊருக்கு வந்து அகராதியைப் பிரித்தேன். அன்று ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

அகராதியில் 'மைன்' ஒரு வார்த்தையே அல்ல. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்ட இரண்டு வார்த்தைகள். முதலாவது, 'என்னுடையது' என்னும் பொருள் கொண்டது. அது இங்கிலீஷ் ஜாதியில் பிறந்த பழைய சொல். ஒரு காலத்தில் உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற சொல்லுக்கு முன்னால் 'மை' என்று வராது; 'மைன்' என்றுதான் வரும். என் கண்கள் என்பதை 'மைன் ஐஸ்' என்று சொன்னார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் 'என்' என்பதை 'மைன்' என்றே சொல்லுகிறார்கள். நெய்வேலியில் மண்ணை வாரிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. கூட வந்த ஜெர்மன் இஞ்சினீயர்கள் 'மைன், மைன்' என்று நம் ஆட்கள் பேசுவதைக் கேட்டு, எல்லாரும் எல்லாவற்றையும் தம்முடையது என்கிறார்களே என்று திகைத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்தச் சொல்லுக்கு நம் தேசத்திலும் ஒரு பங்காளி உண்டு. சம்ஸ்கிருதத்தில் 'மம' என்றால் என்னுடையது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது பாஷா சாஸ்திரிகள் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த 'மம'வைத்தான் நாம் மமதை, மமகாரம் என்று தமிழில் வைத்துக்கொண்டிருக்கிறோம். எனது, எனது என்கிற பற்றுக்கு மமகாரம் என்று பெயர். வேள்வியில் நெய்யைத் தீயில் விடும்போது 'ந மம' என்று சொல்லி விடுவது வழக்கம். 'என்னுடையது அன்று' என்று அர்த்தம். கொடுக்கிறவன் வாயால் அதைச் சொன்னால்தான் கொடுத்தது கொடுத்ததாக ஆகும். இந்தச் சிறு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது 'மைன்', பூமியைத் தோண்டுகிற மைன். அது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. அவர்களுக்கு அதற்கும் முந்திய கெல்டிய ஜனங்களிடமிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். உலோகம் எடுக்கிற குழிக்கு முதலில் அந்தப் பெயர். பிறகு யுத்தத்தில் புகுந்தது. கோட்டையை முற்றுகை போடுகிறவர்கள் மதிலின் அஸ்திவாரத்துக்கு அடியில் குடைந்து, மரத்தூண்களை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். பிறகு அந்தத் தூண்களுக்குத் தீ வைப்பார்கள். தூண் எரிந்து சாய்ந்ததும் மதில் தானே உட்காரும். 1215ஆம் வருஷம் இங்கிலாந்தின் ஜான் அரசன் ராசெஸ்டர் கோட்டையை இப்படித்தான் இடித்தான். தூண்களை எரிக்க நாற்பது கொழுத்த பன்றிகளின் கொழுப்பை உபயோகித்தார்கள் என்று சரித்திரம் கூறுகிறது. பிற்காலத்தில் பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக வெடிமருந்து வந்தது. நாளடைவில் குடைய வேண்டிய அவசியமும் குறைந்தது. மருந்தை மட்டும் மண்ணில் புதைத்து வைத்தால் போதும் என்று ஆயிற்று. பெயர் மட்டும் மைன் என்றே தங்கிவிட்டது.

மதிலின் கீழே குடைந்து சாய்க்கிற அந்தக் காரியத்தைத்தான் இங்கிலீஷ்காரர்கள் பிறத்தியானைக் கவிழ்ப்பதற்கும் சொன்னார்கள். 'அண்டர்மைன்' செய்தான் என்பார்கள். நமக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 'கூட இருந்தே குழி பறித்தான்' என்று நம் கிழவிகள் சொல்லாத நாள் உண்டா? எங்கோ ஒரு தேசத்தாரும் நாமும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே உவமையைக் கண்டுபிடித்திருக்கிறோம். மனித சுபாவம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெடிக்கிற மைனுக்கு நாம் இங்கே கண்ணிவெடி என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இன்னும் நேராக, மிதிவெடி என்கிறார்கள். அனுபவித்தவன் வைத்த பெயருக்கும் புத்தகத்தில் படித்தவன் வைத்த பெயருக்கும் உள்ள வித்தியாசம் அது. 2009ஆம் வருஷம் யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் தங்கள் கிராமத்துக்குத் திரும்பிய ஜனங்கள், தங்கள் சொந்த வயலின் வரப்பில் மண்டையோட்டுப் படம் போட்ட பலகையைப் பார்த்தார்கள். பத்திரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, எல்லைக் கல் இருக்கிறது. கால் வைக்க முடியாது. மிதிவெடிக்குப் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பெண்கள்கூட முகக்கவசம் மாட்டிக்கொண்டு மண்டியிட்டு, சாண் சாணாக மண்ணைக் கிளறி அந்த வெடிகளை எடுத்திருக்கிறார்கள். இவ்வகை வெடிகளைத் தடை செய்யும் உலக ஒப்பந்தம் 1997இல் ஏற்பட்டது. இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பரில். 'திஸ் ஃபீல்ட் இஸ் மைன்' என்ற வாக்கியத்தை அந்த வன்னி வரப்பில் நின்றுகொண்டு எப்படி மொழிபெயர்ப்பது? என் சிநேகிதியான அந்தச் சிறுமி ஓர் அர்த்தத்தில் தவறினாள். அங்கே தவறினால் கால் போய்விடும்.

இனி நம் சொல்லைப் பார்ப்போம். சுரங்கம் என்பது தமிழிலே பழைய வார்த்தை. சிலப்பதிகாரத்திலே மதுரை மாநகரில், யானைகள் நுழைந்து போகும் அளவுக்குப் பெரிய சுருங்கை ஒன்று வருகிறது. சம்ஸ்கிருத அர்த்தசாஸ்திரத்திலும் 'சுருங்கா' உண்டு. இதற்கெல்லாம் மூலம் 'ஸிரிங்க்ஸ்' என்ற கிரேக்க வார்த்தை என்று ஆராய்ச்சிக்காரர்களில் பலர் கருதுகிறார்கள். கிரேக்கர்கள் அந்தச் சொல்லால் முதலில் குறித்தது குழலை. ஆடு மேய்க்கிறவன் ஊதுகிற குழல். உள்ளே துளையுள்ளது எதுவும் அவர்களுக்குக் குழல்தான். குழல் பாட்டிலிருந்து நிலக்கரி வரைக்கும் ஒரு சொல் நடந்து வந்திருக்கிறது!

ஆகரம் என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு. கனி என்றும் உண்டு. அது பழம் அன்று, தோண்டுவது என்ற வடமொழிப் பொருளில் வந்த கனி. அதிலிருந்துதான் கனிமம் என்கிறோம். அகழ், குழி, கிடங்கு என்று நம் வீட்டுச் சொற்கள் வேறு. இங்கிலீஷிலும் குறைச்சல் இல்லை. திறந்த குழிக்கு ஒரு பெயர், கல் உடைக்கிற குழிக்கு ஒரு பெயர், நிலக்கரிக்கு என்று தனியாக ஒரு பெயர். இக்காலத்தில் கம்ப்யூட்டருக்குள் தகவலைத் துழாவுவதற்கும் மைனிங், காகிதமோ உலோகமோ இல்லாத காசைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதற்கும் மைனிங் என்கிறார்கள். நாமும் படித்த மனிதரை 'அறிவுச் சுரங்கம்' என்று மேடையில் புகழ்கிறோம். சுரங்கம் என்றால் எடுக்க எடுக்கக் குறைந்துகொண்டே போய் ஒரு நாள் தீர்ந்துவிடும் என்பதைப் புகழ்கிறவரும் நினைப்பதில்லை, புகழப்படுகிறவரும் நினைப்பதில்லை.

தீர்ந்துபோன சுரங்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கோலாருக்குப் போகலாம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனிக்காரர்கள் அங்கே வந்தார்கள். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து தமிழ் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் வெட்டினார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நாலு தலைமுறை 'மைனு'க்குப் போனது. வீட்டில் 'என்னுடையது' என்று சொல்ல ஒரு குந்துமணித் தங்கம் மிஞ்சினவர்கள் எத்தனை பேர்? இரண்டு மைனுக்கும் இடையில் எத்தனை ஆழம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே கேள்வி இங்கே வந்து நிற்கிறது: மைன் யாருடையது?

ராஜாக்களைக் கேட்டால் யோசனையே இல்லாமல் பதில் சொல்லுவார்கள். கௌடில்யர் சுரங்கங்களை அரசாங்கத்தின் சொத்தாகவே வைத்தார். பொக்கிஷத்துக்கு ஊற்று அதுதான் என்பது அவர் சித்தாந்தம். ஆகரங்களுக்கென்று ஓர் அதிகாரியையும் நியமித்தார். இங்கிலாந்தில் 1568ஆம் வருஷம் ஒரு பிரசித்தமான வழக்கு நடந்தது. நார்தம்பர்லாந்து பிரபு தம் நிலத்துச் செம்புச் சுரங்கம் தம்முடையது என்றார். எலிசபெத் ராணி தம்முடையது என்றார். செம்போடு பொன்னும் வெள்ளியும் கலந்திருப்பதால் அது ராணிக்கே என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். மாதேவியின் பக்கம் தீர்ப்பு! நம் தேசத்தில் 2013இல் சுப்ரீம் கோர்ட்டு, கேரளத்து மலபாரின் ஜென்ம நிலங்களைப் பற்றிய ஒரு வழக்கில், மேல் மண் யாருக்கோ அடி மண்ணும் அவருக்கே என்று சொல்லியது. ஆனால் சொந்தம் வேறு, தோண்டும் உரிமை வேறு. தோண்டுவதற்குச் சர்க்காரின் அனுமதி வேண்டும். பொதுக் காரியத்துக்கென்று சர்க்கார் கேட்டால் மேல் மண்ணும் போகும். 1894இல் வெள்ளைக்காரன் போட்ட நிலமெடுப்புச் சட்டம் அப்படிச் சொல்லிற்று. அதற்குப் பதிலாக 2013இல் நம்மவர்கள் போட்டது நஷ்டஈட்டையும் மறுவாழ்வையும் அதிகம் பேசிற்று என்றாலும், 'பொதுக் காரியம்' என்ற சொல்லை விட்டுவிடவில்லை.

நெய்வேலியின் கதை இந்தக் கேள்விக்கு ஓர் அபூர்வமான பதிலோடு ஆரம்பிக்கிறது. 1930களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. நெருப்பில் போட்டால் எரிந்தது. வேறொருவராக இருந்தால் 'என்னுடையது' என்று வேலி போட்டிருப்பார். அவரோ கறுப்புப் பொருளை எடுத்துக்கொண்டு சர்க்காரிடம் போனார். சுரங்கம் வருவதற்கென்று அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தார். நெய்யைத் தீயில் விட்டு 'ந மம' என்று சொன்னவர் அவர். ஊர்ப் பெயரிலும் நெய் இருக்கிறதே என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்ப்பாக இருக்கிறது.

1956 நவம்பர் 14ஆம் தேதி கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து வெட்டு வேலையைத் தொடங்கி வைத்தார். ஐம்பது மீட்டருக்கும் மேல் மண்ணை வாரிய பிற்பாடுதான் கரியின் முகம் தெரியும். அதற்குள் இன்னொரு வில்லங்கம். கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருந்தது. இறைத்து அதன் வேகத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே ராப்பகலாகத் தண்ணீரை இறைத்தார்கள், இன்றும் இறைக்கிறார்கள். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. 1962இல் ரஷ்யர்களின் உதவியோடு கட்டிய நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. இறைத்த தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், அந்தப் பக்கத்து வயல்களில் பாய்ந்தது. சுரங்கம் ஒரு கையால் வயலை எடுத்தது. இன்னொரு கையால் வயலுக்குத் தண்ணீர் வார்த்தது. இந்த உறவை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே வார்த்தையில் சொல்லுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாதவர்கள்.

நான் இதை எழுதுகிற அறையில் விளக்கு எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. அதில் எத்தனை சுற்று நெய்வேலிக் கரி என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது, கொஞ்சமாவது இருக்கும். இதை ஒளித்துவிட்டு அந்த வயல்களுக்காகக் கண்ணீர் விட்டால் அது நேர்மையாகாது.

சரி, வயல்காரன் 'என்னுடையது' என்று சொல்லும்போது என்ன சொல்லுகிறான்? அதற்குத் தமிழில் பழைய சொல் காணி. அந்தச் சின்னச் சொல்லுக்கும் அர்த்தங்கள் அநேகம். எண்பதில் ஒரு பங்குக்குக் காணி என்று பெயர். ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேற்பட்ட, 132 சென்ட் நிலத்துக்குக் காணி என்று பெயர். வழிவழியாக வருகிற உரிமைக்கும் காணி என்றே பெயர். சோழர் கல்வெட்டுகளில் காணி என்பது நிலம் மட்டுமல்ல, நிலத்தின்மேல் ஒருவனுக்குள்ள உரிமை. பிற்பாடு அரபியிலிருந்து மிராசு என்ற சொல் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. கும்பெனிக்காரர்களுக்கு இது தலைவலியாயிற்று. நிலம் ராஜாவுடையதா, உழுகிறவனுடையதா, ஊருடையதா? திருக்குறளில் ஒரு பகுதியை இங்கிலீஷில் எழுதிய எல்லிஸ் துரை, சென்னையில் கலெக்டராக இருந்தவர், மிராசு உரிமையைப் பற்றி 1818இல் தனிப் புத்தகமே எழுதினார். கல்வெட்டு, ஓலை எல்லாம் தேடிக் காணியாட்சி என்ற பழைய உரிமையை எடுத்துக் காட்டினார். ஆனால் நாளடைவில் நிலைத்தது ரயத்துவாரியும் பட்டாவுந்தான். காணி என்பது மனிதனுக்கும் மண்ணுக்கும் நடந்த கலியாணம் என்றால், பட்டா என்பது சர்க்கார் கொடுக்கிற ரசீது.

அன்று திண்ணையில் பெரியவரிடம், "உங்கள் பக்கத்தில் நிலத்தை ஏக்கரிலா சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆபீசுக்குப் போனா ஏக்கர், சென்ட்டு. வீட்ல பேசிக்கிறது காணி, குழிதான் தம்பி. நூறு குழி ஒரு காணி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ நாள் கேட்ட வார்த்தைதான்; அந்த இடத்தில் கேட்டதுபோல் ஒரு நாளும் கேட்டதில்லை. குழி என்றால் இருபத்துநாலு அடிக்கு இருபத்துநாலு அடி நிலம். குழி என்றால் பள்ளம். இங்கிலீஷ்காரனுக்கு மைன் எப்படியோ அப்படி நமக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது! நிலத்தை அளக்கிற சொல்லும் நிலத்தைத் தோண்டின பிறகு மிஞ்சுவதைச் சொல்லுகிற சொல்லும் ஒன்று. அகராதிக்காரன் அங்கே தற்செயலாக ஒட்டவைத்தான். இங்கே யார் ஒட்டவைத்தது? நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. அத்தனை காணியும் சேர்ந்தால் ஒரே குழி.

2023ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி, போலீஸ் காவலோடு மண் வெட்டும் இயந்திரங்கள் வளையமாதேவி வயல்களில் இறங்கின. இரண்டாம் சுரங்கம் விரிய வேண்டுமானால் பரவனாறு விலகிப் போக வேண்டும். அதற்குக் கால்வாய் வெட்ட வேண்டும். வயலில் அப்போது நெற்பயிர் நின்றுகொண்டிருந்தது. பச்சைப் பயிர்மேல் இரும்புச் சக்கரம் ஏறுகிற படத்தைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த ஆர்ப்பாட்டம் கலவரத்தில் முடிந்தது. விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று நீதிபதி வேதனைப்பட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு ரூ. 40,000 கொடுக்கும்படி ஆகஸ்டு மாதம் உத்தரவாயிற்று.

கம்பெனியின் கட்சி என்ன? நிலத்தைப் பல வருஷங்களுக்கு முன்பே சட்டப்படி எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று, பயிர் வைக்க வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று, ஆகவே எங்களுடையது. குடியானவன் கட்சி என்ன? எடுத்ததாகக் காகிதத்தில் எழுதினீர்கள், வருஷக்கணக்காக நிலத்தில் இறங்கவில்லை, நாங்கள்தான் உழுதோம், விதைத்தோம், கொடுத்த விலையும் போதாது, ஆகவே எங்களுடையது. இரண்டு பேரும் சொன்னது ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான். அந்த வயலில் அன்று அந்த வார்த்தையின் இரண்டு அர்த்தங்களும் நேருக்கு நேர் நின்றன. 'ந மம' என்று சொல்ல வேண்டிய வாய் மட்டும் அங்கே சொல்லவில்லை. ஜம்புலிங்க முதலியார் கொடுத்தது தானம். அவர் வாயால் சொல்லிக் கொடுத்தார். தானத்துக்கும் எடுப்புக்கும் நடுவில் இருக்கிற தூரம் அந்தச் சொல்லின் தூரந்தான். எத்தனை பெரிய பொதுக் காரியமானாலும் அந்தத் தூரத்தை இயந்திரத்தால் கடக்க முடியாது. உட்கார்ந்து பேசிக் கடக்கலாம்; ஒரு போகம் பொறுத்துக் கடக்கலாம்.

நன்னூல் படித்த காலத்தில் ஆறாம் வேற்றுமை எனக்குப் பிடிபடாமல் இருந்தது. உடைமைப் பொருளை நம் இலக்கணக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். என் கை என்றால் தற்கிழமை. என்னை விட்டுப் பிரியாதது. என் பசு என்றால் பிறிதின் கிழமை, விற்கலாம், வாங்கலாம். முருகனது மலை என்று இடத்தையும் பிறிதின் கிழமையிலேதான் சேர்த்தார்கள். இங்கிலீஷ்காரனுக்கு இந்தப் பிரிவினை இல்லை. கையும் மைன்தான், பசுவும் மைன்தான். சட்டமும் இலக்கணத்தின் கட்சிதான்: நிலம் பிறிதின் கிழமை, ஆகவே விலை போடலாம். பசு போனால் இன்னொரு பசுவுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கத்துக் குடியானவனைக் கேட்டுப் பாருங்கள். முப்பது வருஷம் ஒரே சேற்றில் கால் வைத்தவனுக்கு நிலம் எந்தக் கிழமை? அவன் அதைக் கைபோலத்தான் எண்ணுகிறான். கைக்கு நஷ்டஈடு கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். அது கையாகாது என்பது கொடுக்கிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வளையமாதேவியின் வழக்கில் பாதி, இலக்கணத்தில் தீராமல் விட்ட வழக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

அகராதியில் பார்த்துச் சொல்கிறேன் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, மைனுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரிந்தவரையில் சொன்னேன். அவள் நோட்டை எடுத்துவந்து, பழைய விடையை அடித்துவிட்டு, 'இந்த வயல் என்னுடையது' என்று குண்டு குண்டாக எழுதி வாய்விட்டுப் படித்தாள்.

பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதென்னடி என்னுடையது? நிலத்தை அப்படி யாரும் சொல்லுவாங்களா? நம்ப நிலம்னு எழுது" என்றார்.

"கேள்வில அப்படி இல்ல தாத்தா!" என்றாள் அவள்.

இங்கிலீஷில் அப்படி இல்லைதான். தமிழில் 'எங்கள்' என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான்; 'நம்' என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. 'எங்கள் நிலம்' என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அப்படிச் சொல்ல எல்லா நியாயமும் உண்டு. மின்சாரத்தை 'நம் மின்சாரம்' என்று பேசுகிற பட்டணத்தார், நிலம் போகிற அன்றைக்கு மட்டும் 'உங்கள் நிலம்' என்று ஒதுங்கிக்கொள்ளுகிறோம். லாபத்துக்கு ஒரு சர்வநாமம், நஷ்டத்துக்கு ஒரு சர்வநாமம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் அதையெல்லாம் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். வெற்றிலைத் தட்டை என் பக்கமும் நகர்த்தினார். அந்த 'நம்ப'வில் என்னையும் சேர்த்திருந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.